லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்ஸில் ஏன் முறுக்கிக்கொள்கிறது, அதை எப்படித் தடுப்பது

லோ கியரில் பாறை மேட்டில் ஏறப் பார்க்கும் லீஃப் ஸ்பிரிங் வண்டியின், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங் உள்ள வண்டியின், பின் ஆக்ஸிலைக் கவனித்தால், சக்கரம் உருளத் தொடங்கும் முன்பே ஆக்ஸிலின் வெளிக்கூடான ஹவுசிங் திரும்புவது தெரியும். இன்ஜினின் சுழற்சியை உள்ளே வாங்கும் பல்சக்கரமான பினியன் இருக்கும் மூக்குப் பகுதி மேலே எழும்புகிறது. ஆக்ஸிலுக்கு முன்னால் ஸ்பிரிங் மேல்நோக்கிப் புடைக்கிறது, பின்னால் கீழ்நோக்கித் தொய்கிறது. ஒரே வளைவாக இருந்த பட்டைக்கட்டு எஸ் எழுத்து மாதிரி ஆகிவிடுகிறது. இதைத்தான் ஆக்ஸில் ராப் என்கிறார்கள்.

இதற்குக் காரணம் மிக எளிது. ஆக்ஸில் நடுவில் உள்ள பல்சக்கரத் தொகுதியான டிஃபரென்ஷியல், சக்கரங்களை முன்பக்கமாகச் சுழற்றினால், அதே அளவு முறுக்குவிசை ஹவுசிங்கை எதிர்ப்பக்கமாகச் சுழற்றப் பார்க்கும். அதை எங்கேயாவது பிடித்து நிறுத்த வேண்டும். காயில் ஸ்பிரிங் வண்டிகளில் அதற்கென்றே தனி ஆர்ம்கள் உண்டு. ஸ்பிரிங் எடையை மட்டும் தாங்கும், மற்றதை ஆர்ம்கள் பார்த்துக்கொள்ளும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் மூன்று வேலையும் ஒரே பட்டைக்கட்டின் தலையில். எடையைத் தாங்க வேண்டும், ஆக்ஸில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடிக்க வேண்டும், முறுக்கையும் எதிர்க்க வேண்டும். எடைக்கு மென்மை நல்லது, முறுக்குக்கு விறைப்பு நல்லது. இரண்டும் ஒரே இரும்பிலிருந்து வர வேண்டும் என்பதுதான் சிக்கல். இந்தச் சிக்கலை ஸ்பிரிங்கை விறைப்பாக்கித் தீர்ப்பதைவிட, முறுக்கு வேலையை ஸ்பிரிங்கிடமிருந்து வாங்கி வேறொன்றிடம் கொடுப்பதுதான் சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதைக் கணக்கிலிருந்தே பார்க்கலாம்.

200 நியூட்டன் மீட்டர் இன்ஜின், 4-க்கு 1 முதல் கியர், 2.5-க்கு 1 டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) லோ, 4-க்கு 1 ஆக்ஸில் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 8,000 நியூட்டன் மீட்டர். இரண்டு ஆக்ஸிலுக்கும் பாதிப் பாதி என்றாலும் பின்பக்கம் 4,000 வரும். ஆனால் அவ்வளவையும் தரை வாங்கிக்கொள்ளாது. பின் ஆக்ஸில் மேல் 1,000 கிலோ இருக்கிறது, பிடிமானக் கெழு 0.8, டயர் ஆரம் 40 செ.மீ. என்றால், டயர் சறுக்குவதற்கு முன் தரையில் செலுத்தக்கூடிய விசை சுமார் 7,850 நியூட்டன். ஆரத்தால் பெருக்கினால் 3,140 நியூட்டன் மீட்டர். அதாவது லோ கியரில் முறுக்குக்கு எல்லை போடுவது இன்ஜின் இல்லை, டயரின் பிடிமானம். காய்ந்த பாறையில் ராப் அதிகமாகவும் சேற்றில் குறைவாகவும் இருப்பது இதனால்தான்.

அடுத்து வருவதுதான் பலரும் கவனிக்காத விஷயம். ஸ்பிரிங்கின் மீது விழும் முறுக்கு, ஆக்ஸில் மையத்தைச் சுற்றியுள்ள முறுக்கு மட்டும் இல்லை. டயர் தரையைத் தள்ளும் விசை ஆக்ஸில் வழியாக ஸ்பிரிங்குக்கு வந்து, ஸ்பிரிங் வழியாகத்தான் வண்டியை முன்னால் தள்ளுகிறது. ஸ்பிரிங் ஆக்ஸில் மையத்துக்கு மேலே இருந்தால் அந்தத் தள்ளுவிசையும் முறுக்கோடு சேர்ந்துகொள்ளும். கீழே இருந்தால் முறுக்கைக் கொஞ்சம் கழித்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் விடை அழகானது: ஸ்பிரிங்கைத் திருகும் மொத்த முறுக்கு என்பது தரையில் உள்ள விசை பெருக்கல் தரையிலிருந்து ஸ்பிரிங்கின் உயரம். அவ்வளவுதான்.

இதை நம் வண்டியில் போட்டுப் பார்ப்போம். ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே, மையத்திலிருந்து 8 செ.மீ. தாழ்வாக இருக்கிறது. தரையிலிருந்து உயரம் 32 செ.மீ., முறுக்கு சுமார் 2,500. அதே ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றினால் உயரம் 48 செ.மீ., முறுக்கு சுமார் 3,770. டயரையும் பெரிதாக்கி ஆரத்தை 45 செ.மீ. ஆக்கினால் 53 செ.மீ., சுமார் 4,160. இதற்கு மேல் ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே 7 செ.மீ. பிளாக் (உயரம் கூட்டும் கட்டை) ஒன்றைச் செருகினால் 60 செ.மீ., சுமார் 4,700. இன்ஜினில் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை, ஆனால் ஸ்பிரிங் தாங்க வேண்டிய முறுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது.

வண்டியை உயர்த்திய பிறகுதான் பலருக்கு இந்தத் தொல்லை தொடங்குகிறது என்பதற்கு இதுதான் விளக்கம். ஜீப் சிஜே, 1987 முதல் 1995 வரை வந்த ரேங்லர் ஒய்ஜே, சுசுகி சாமுராய் எல்லாவற்றிலும் கம்பெனியிலிருந்து வரும்போது ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். அதை மேலே மாற்றுவது ஆஃப்ரோடு வட்டாரத்தில் பழைய, பிரபலமான வேலை. ஆக்ஸில் குழாயின் விட்டமும் பட்டைக்கட்டின் கனமும் சேர்ந்து 12 முதல் 15 செ.மீ. வரை உயரம் கிடைக்கும், அதுவும் பழைய மென்மையான ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டே. நல்ல மாற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் ராப்புக்கு ஏற்பாடு செய்யாமல் அதை முடிந்த வேலை என்று சொல்லக் கூடாது.

சரி, ஸ்பிரிங் எவ்வளவு திரும்பும்? தோராயமாகக் கணக்கிட ஒரு எளிய வழி உண்டு. நடுவில் ஆக்ஸில் இருக்கும் ஸ்பிரிங்குக்கு, அதன் செங்குத்து விறைப்பைப் பாதி நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் முறுக்கு விறைப்பு வரும். 1.2 மீட்டர் நீள ஸ்பிரிங், ஒரு மில்லிமீட்டர் அமுங்க 30 நியூட்டன் என்று எடுத்துக்கொண்டால், இரண்டு ஸ்பிரிங்குக்கும் சேர்த்து ஒரு ரேடியனுக்கு 21,600 நியூட்டன் மீட்டர். 2,500 முறுக்குக்கு ஏழு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பும். மேலே மாற்றிப் பெரிய டயரும் போட்ட வண்டியில் 11 டிகிரி. ஸ்பிரிங் முனைகளில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் இதற்கு மேலும் போகும்.

இந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. நீளமான ஸ்பிரிங் என்றாலே ராப் அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு, அது முழு உண்மை இல்லை. செங்குத்து விறைப்பு மாறாமல் நீளத்தை மட்டும் கூட்டினால் முறுக்கு விறைப்பு கூடவே செய்யும். பாதி நீளம் 50 செ.மீ. இருந்ததை 60 ஆக்கினால் 44 சதவீதம் அதிகம். நீள ஸ்பிரிங் போடுபவர்கள் கூடவே அதை மென்மையாகவும் ஆக்கிவிடுகிறார்கள். ராப் அதிகமாவது அந்த மென்மையால்.

ஹவுசிங் 11 டிகிரி திரும்பினால் முதலில் அடிபடுவது புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பினியனுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு. அதன் இரண்டு முனையிலும் உள்ள கிராஸ்களின் (சாய்ந்தும் சுழல விடும் மூட்டுகளின்) கோணம் சமமாக இருந்தால்தான் ஒன்றில் ஏற்படும் வேக ஏற்ற இறக்கத்தை இன்னொன்று சரிசெய்யும். பினியன் மூக்கு எழும்பியதும் அந்தச் சமநிலை போய்விடும். ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறைந்து அதிரும். கோணம் எல்லை தாண்டினால் கிராஸைப் பிடிக்கும் கவைகளான யோக் ஒன்றோடொன்று முட்டும், கிராஸ் உடையும், டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளி ஷாஃப்ட் வரை சேதம் போகலாம். ஸ்பிரிங்கிலும் விளைவு உண்டு. ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கும் மெயின் பட்டை ஒவ்வொரு தடவையும் எதிர்த்திசையில் வளைந்து நிமிர்கிறது. அது வடிவமைக்கப்பட்டது அப்படி வளைவதற்கு இல்லை. பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் வெட்டுப்படுவதும், ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யூ-போல்ட் தளர்வதும் இதன் தொடர்ச்சிதான்.

எல்லாவற்றையும்விட மோசமானது சக்கரம் துள்ளுவது. முறுக்கிய ஸ்பிரிங்கில் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. டயர் பிடிமானத்தை இழந்த கணத்தில் அது மொத்தமாக வெளியே வரும், ஹவுசிங் வெடுக்கென்று திரும்பி வரும். டயர் மறுபடியும் தரையைப் பிடிக்கும், ஸ்பிரிங் மறுபடியும் முறுக்கும், மறுபடியும் விடும். நொடிக்குப் பல தடவை இது நடக்கும்போது ஆக்ஸிலே தரையில் குதிக்கிறது. ஒவ்வொரு குதியிலும் சுழலும் டயர் தரையில் இறங்கித் திடீரென நிற்கிறது. ஆக்ஸில் ஷாஃப்ட்டும் கிரவுன் பினியனும் உடைவது பெரும்பாலும் இந்த அதிர்ச்சியில்தான், சீரான முறுக்கில் இல்லை. ஆகவே துள்ளல் தொடங்கினால் உடனே காலை எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் தாண்டிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஒரு ஷாஃப்ட் விலையாகப் போய்விடும்.

வண்டியில் ராப் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பலர் சொல்லும் ஒரு வழி: கைப் பிரேக்கை இழுத்துவிட்டு, லோ கியரில் கிளட்சை விட்டு, ஆள் விட்டு அடியில் பார்ப்பது. இது ஆபத்து மட்டும் இல்லை, பயனும் கிடையாது. பின் சக்கரப் பிரேக்கின் தகடு அதே ஹவுசிங்கில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. இன்ஜின் ஹவுசிங்கை ஒரு பக்கம் திருப்ப, பிரேக் அதை மறுபக்கம் அதே அளவு திருப்பும். இரண்டும் ஹவுசிங்குக்குள்ளேயே கழிந்துபோகும், ஸ்பிரிங்குக்கு எதுவும் வராது. டிரான்ஸ்ஃபர் கேஸில் கைப் பிரேக் உள்ள வண்டியிலோ முறுக்கு ஆக்ஸிலுக்கே போய்ச் சேராது. ராப் வெளிப்பட வேண்டுமென்றால் தரை எதிர்க்க வேண்டும். சேசிஸில் ஒரு சிறு கேமராவைப் பினியனைப் பார்த்து மாட்டிவிட்டு உண்மையான ஏற்றத்தில் ஏறிப் பார்ப்பதே நல்ல வழி. கேமரா இல்லாவிட்டால் தடயங்களைத் தேடலாம். புரொப்பெல்லர் ஷாஃப்ட் உரசிய பளபளப்பு, பட்டைகளுக்கிடையில் புதிதாகத் தேய்ந்த இடம், ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம்தரும் ஸ்லிப் யோக்கில் வழக்கமான இடத்தைத் தாண்டி விழுந்த கீறல். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வரும் ஒற்றை ‘டக்’ சத்தமும் அடையாளம்தான், ஆனால் தேய்ந்த கிராஸும் அதே சத்தம் போடும்.

தீர்வுக்குப் போகும் முன் பழையதைச் சரிபார்க்க வேண்டும். யூ-போல்ட் தளர்ந்திருந்தால், புஷ் கிழிந்திருந்தால், ஒரு பட்டை உடைந்திருந்தால் எந்தக் கூடுதல் கம்பியும் உதவாது. கழற்றிய யூ-போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. ஒரு தடவை இறுக்கி இழுபட்டது அடுத்த தடவை அதே பிடியைத் தராது. புதியதையும் கொஞ்ச தூரம் ஓட்டியபின் ஒருமுறை மீண்டும் இறுக்க வேண்டும். பிளாக் மேல் பிளாக் அடுக்கியிருந்தால் முதல் வேலை அதை எடுத்தெறிவது. உயரம் கூடுவதோடு, இரண்டு பிளாக்குக்கும் நடுவே உள்ள இணைப்பே முறுக்கில் நழுவிப் போக வாய்ப்பு உண்டு.

ஸ்பிரிங்குக்குள்ளேயே செய்யும் வைத்தியங்களும் உண்டு. 1960களின் கிரைஸ்லர் கார்களில் ஆக்ஸிலை ஸ்பிரிங்கின் நடுவில் வைக்காமல் முன்பக்கம் தள்ளி வைத்தார்கள். முன்பாதி குட்டையாக இருப்பதால் அது எளிதில் வளையாது, முறுக்கை நன்றாகத் தாங்கும். டிராக் ரேஸ் ஓட்டியவர்கள் அதன் முன்பாதிப் பட்டைகளைக் கிளாம்ப் போட்டு ஒன்றாக இறுக்கி இன்னும் விறைப்பாக்கினார்கள். ஷாக் அப்சார்பரிலும் ஒரு வழி இருக்கிறது. 1967-ல் வந்த முதல் ஷெவ்ரலே கமேரோவில் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங் இருந்தது, சக்தி கூடிய மாடல்களில் பின் ஆக்ஸில் துள்ளியது. 1968 மாடலில் ஒரு ஷாக்கை ஆக்ஸிலுக்கு முன்னாலும் இன்னொன்றைப் பின்னாலும் சாய்த்து மாட்டினார்கள், சக்தி கூடியவற்றுக்குப் பல பட்டை ஸ்பிரிங்கும் கொடுத்தார்கள். முன்பின் ஷாக் ஏற்பாடு ஹவுசிங் திரும்பும் வேகத்தைத் தணிக்கும். துள்ளலுக்கு அது நல்ல மருந்து. ஆனால் மெதுவாக, நிதானமாக வரும் முறுக்கை எந்த ஷாக்கும் தடுக்காது. பாறையில் ஊர்ந்து ஏறும்போது வருவது அந்த வகை முறுக்குதான்.

முன்பாதியில் மட்டும் ஒரு அரைப் பட்டையைக் கூடுதலாகச் சேர்ப்பது ஆஃப்ரோடுக்கு ஓரளவு ஒத்துவரும். ஆக்ஸிலிலிருந்து ஸ்பிரிங்கின் முன் கண்ணுக்கு (சேசிஸில் மாட்டும் முனை வளையத்துக்கு) சற்று முன்வரை போகும் கனமான பட்டை அது. மிதமான முறுக்குள்ள, அதிகம் உயர்த்தாத வண்டிக்கு இதுவே போதலாம். ஆனால் விலை இல்லாமல் கிடைக்காது, ஸ்பிரிங் அந்த அளவுக்கு விறைப்பாகும். கரடுமுரடான இடத்தில் சக்கரம் தாராளமாக ஏறி இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் மென்மையான ஸ்பிரிங் போட்டோம். அதை மறுபடி கட்டிப்போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. டிராக் கார்களில் ஸ்பிரிங்குக்கு அடியில் மாட்டும் ரப்பர் முட்டுக் கம்பிகளும் அப்படித்தான். கீழே தொங்கிக் கல்லில் மாட்டும், முன்னோக்கிப் போகும் முறுக்கை மட்டும்தான் தடுக்கும். ஆஃப்ரோடில் ரிவர்ஸில் மேட்டில் ஏற வேண்டி வரும், அப்போது பினியன் மூக்கு மேலே எழாது, கீழே குத்தும். பிரேக் பிடிக்கும்போதும் அப்படியே.

அதனால் என் பார்வையில் முழுமையான விடை ஆன்டி-ராப் பார். டிராக்‌ஷன் பார் என்றும் சொல்வார்கள். வடிவம் இதுதான்: ஆக்ஸில் ஹவுசிங்கில் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் பிடித்த கம்பிச் சட்டம், முன்னால் குறுகி ஒரே முனையாகி, சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் இரு முனையும் அசையும் சிறு இணைப்பான ஒரு ஷேக்கிள் வழியாகச் சேர்கிறது. ஹவுசிங் திரும்பப் பார்த்தால் முழுச் சட்டமும் அதோடு திரும்ப வேண்டும், அதன் முன்முனை செங்குத்தாக எழ வேண்டும். ஷேக்கிள் அதை விடாது. முறுக்கு அங்கேயே நிற்கிறது.

ஷேக்கிள் எதற்கு, நேரடியாகப் போல்ட் போட்டால் என்ன என்று கேட்கலாம். ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்ஸில் மேலே போவதோடு முன்பின்னாகவும் நகர்கிறது. ஸ்பிரிங்கின் முன்பாதி, தன் நீளத்தில் சுமார் முக்கால் பங்குள்ள ஒரு ஆர்ம் போல நடந்துகொள்ளும். புதிய பாரின் நீளம் வேறு, அது போடும் வட்டப் பாதையும் வேறு. இரண்டையும் கெட்டியாகக் கட்டினால் ஒன்றையொன்று இழுத்து, ஸ்பிரிங்கோ பிராக்கெட்டோ விட்டுக்கொடுக்கும் வரை சண்டை நடக்கும். ஷேக்கிள் முன்பின் நகர்வை விட்டுவிடுகிறது, மேல்கீழை மட்டும் பிடிக்கிறது. ஸ்பிரிங் தன் மற்ற இரண்டு வேலையையும் பழையபடியே செய்கிறது. இந்த அமைப்பின் அழகே இந்தப் பிரிவினைதான். அதே காரணத்துக்காக முன்முனையில் ராட் எண்ட் அல்லது ஜானி ஜாயிண்ட் போன்ற, எல்லாப் பக்கமும் திரும்பும் மூட்டு வேண்டும். ஒரு சக்கரம் மேலே, ஒன்று கீழே போகும்போது சட்டமும் சேர்ந்து சாயும்.

நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. 4,160 நியூட்டன் மீட்டர் முறுக்கை 1.1 மீட்டர் பார் தாங்கினால் முன்முனையில் ஏறக்குறைய 385 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். 60 செ.மீ. பார் என்றால் 700 கிலோவைத் தாண்டும். அந்த விசை சேசிஸை மேலே தூக்குகிறது, அதாவது ஸ்பிரிங் தாங்கிக்கொண்டிருந்த எடையில் ஒரு பகுதியைப் பார் வாங்கிக்கொள்கிறது. குட்டையான பாரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் பின்பக்கம் எழும்பும், செங்குத்தான ஏற்றத்தில் இது பயமுறுத்தும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்துக்குப் பக்கமாகப் பாரும் இருந்து, அதன் முன்மூட்டு டிரான்ஸ்ஃபர் கேஸின் கிராஸுக்கு அருகே அமைந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஆக்ஸில் ஏறி இறங்கும்போது பினியனும் ஷாஃப்ட்டும் ஏறக்குறைய ஒரே பாதையில் போகும், கோணம் அதிகம் மாறாது.

ஹவுசிங் பக்கத்தில் விசைகள் இன்னும் பெரியவை. மேல்பிடிக்கும் கீழ்பிடிக்கும் இடைவெளி 20 செ.மீ. என்றால், ஒவ்வொரு பிடியிலும் இரண்டு டன் எடைக்குச் சமமான விசை. அதனால் இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது, மெல்லிய தகட்டுப் பிராக்கெட் கூடாது. வெல்டிங்கை ஆக்ஸில் குழாயில் செய்வது பாதுகாப்பு. வார்ப்பிரும்பு டிஃபரென்ஷியல் ஹவுசிங்கில் முன்சூடு இல்லாமல் வெல்டிங் வைத்தால், இன்று ஒட்டியது போலத் தெரிந்து நாளை விரிசல் விடும். குறுக்குச் சட்டமும் அந்த 385 கிலோவைத் திரும்பத் திரும்பத் தாங்க வேண்டும். கியர்பாக்ஸைத் தாங்கும் சட்டத்தையே இதற்கும் பயன்படுத்துவதாக இருந்தால் அதைப் பலப்படுத்தித்தான் ஆக வேண்டும். ஷேக்கிள் மேலிருந்து தொங்கினால், முன்னோக்கி ஏறும்போது அது அமுக்கத்தில் இருக்கும். அதிகம் சாய்ந்திருந்தால் மறுபக்கம் மடங்கிவிடும். நீளம் குறைவாக, நிற்கும் நிலையில் செங்குத்தாக, முழு இயக்கத்திலும் மடங்காத அளவில் வைக்க வேண்டும். வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஆக்ஸிலை முழுக்கத் தொங்கவிட்டும், ஒரு பக்கம் முழுக்க அமுக்கியும் பார்க்காமல் கடைசி வெல்டிங்கை வைக்கக் கூடாது.

சட்டத்துக்குப் பதில் ஆக்ஸிலின் மேலிருந்து சேசிஸுக்கு ஒற்றை மேல் ஆர்ம் ஒன்றைப் போடுவதும் உண்டு. ஸ்பிரிங்கின் முன்பாதியே கீழ் ஆர்ம் ஆகிவிடுகிறது. இடம் குறைவான வண்டியில் இது கைகொடுக்கும். ஆனால் அந்த ஆர்ம் முன்பாதி ஸ்பிரிங்கின் முக்கால் நீளத்துக்கு ஒத்து, அதற்கு இணையாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அதுவே பினியனைத் திருப்பும்.

முன் ஆக்ஸிலிலும் இதே இயற்பியல்தான், திசை மட்டும் வேறாகத் தெரியும். அங்கே பினியன் பின்னோக்கி நிற்பதால், முன்னோக்கி இழுக்கும்போது மூக்கு தாழும். ஆனால் முன்னால் நான் அதிகம் அஞ்சுவது பிரேக்கை. பிரேக் விசையின் பெரும்பங்கு முன் சக்கரத்தில் விழுகிறது, ஸ்பிரிங்கைத் திருகும் கணக்கும் அதேதான்: தரையிலுள்ள விசை பெருக்கல் ஸ்பிரிங்கின் உயரம். ஹவுசிங்கின் மேல்பகுதி முன்னோக்கிச் சாய்ந்து கேஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறையும், நேராகப் போக வேண்டிய நேரத்தில் ஸ்டியரிங் அலையும். முன் ஆக்ஸிலில் பிளாக் வைக்கவே கூடாது என்று சொல்வது இதனால்தான். அந்த விஷயத்தில் விதிவிலக்கு எதுவும் எனக்குத் தெரிந்து நியாயமானது இல்லை.

எல்லாம் பொருத்திய பிறகு பினியன் கோணத்தை மறுபடி பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டைக் கிராஸ் மூட்டு உள்ள வண்டியில், பினியனை நேராக டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்கி வைத்து, முறுக்கில் எழும்புவதற்காக ஒன்று இரண்டு டிகிரி கீழே விடுவது வழக்கம். பார் வந்துவிட்டால் எழும்புவது குறையும், அவ்வளவு தாழ்த்த வேண்டியிராது. இரு முனையிலும் ஒற்றைக் கிராஸ் என்றால் இரண்டு கோணமும் சமமாக இருக்க வேண்டும். இந்த அளவை வண்டி தன் சக்கரத்தில், வழக்கமான சுமையோடு நிற்கும்போது எடுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது எடுத்த கோணத்தை வைத்து ஸ்பிரிங் உட்காரும் மேடையான பெர்ச்சை வெல்டிங் செய்துவிட்டால், பிறகு அதை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.